கிணற்றடித் தொட்டியில் சுங்கான்

சுங்கான் என்ற மீசைமீனை வளர்ப்பது சுகம், லேசில் சாகாது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். சிக்கலும் அதிலேதான் இருக்கிறது. ஜப்பான் மீன் (திலாப்பியா) என்றால் தண்ணீர் பிசகிய அன்றே வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். ஏதோ கோளாறு என்று பிள்ளைகளுக்கும் விளங்கிவிடும். சுங்கான் காற்றைக் குடித்துக்கொண்டு எந்தச் சாக்கடையிலும் காலம் தள்ளும். தீன் எடுப்பது குறையும், மீசை தேயும், வளர்த்தி நின்றுபோகும். ஆனால் உயிரோடு கிடக்கும். மாதக்கணக்கில் தீன் கொட்டிய பிறகு விரல் மொத்தத்தில் மீன் கிடந்தால் யாருக்கு லாபம்? ஆகவே இந்தப் பதிவில் மீனைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் கூட எழுதியிருக்கிறேன்.

கிளிநொச்சியில் வட்டக்கச்சிப் பக்கம், இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாயும் இடம் எங்களுடையது. வாய்க்காலிலும் வயல் கானிலும் மீசை வைத்த மீன்கள் சில வகை பிடிபடும். கெளிறுக்குக் காற்றைக் குடிக்கத் தெரியாது, தொட்டியில் கரண்ட் நின்றால் முடிந்தது. வாளை ஓர் ஆள் உயரத்துக்கும் வளரக்கூடிய வேட்டைமீன், அதைத் தொட்டியில் விடுவது பகிடி. சுங்கான் கறுப்பும் செம்மண்ணிறமும் கலந்தது. தட்டைத் தலை, நாலு சோடி மீசை, முதுகில் ஒரு சின்னச் செட்டை மட்டும், வயிற்றுப் பக்கச் செட்டை வால்வரை நீளும். தமிழ்நாட்டில் தேளி என்கிறார்கள். முதுகுச் செட்டையும் வால்வரை நீண்டிருந்தால் அது வேறு இனம், சிங்களத்தில் மகுரா என்பது. அதுவும் காற்றுக் குடிக்கும் மீன்தான்.

ஏன் சுங்கான் என்றால், 2022இல் கரண்ட் வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன காலம் மறக்கவில்லை. தெரிந்த ஒருவர் பெரிய தொட்டியில் ஜப்பான் மீன் நெருக்கமாக விட்டு, காற்றுப்பம்பை நம்பி இருந்தார். ஒரு விடியலில் முழுவதும் வெள்ளை வயிறு. காற்றுப்பம்பு இல்லாமலும் இரவைக் கடக்கும் மீன்தான் எனக்கு வேண்டியிருந்தது.

தொட்டி புதிது இல்லை. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கவும் குளிக்கவும் முன்பு கட்டியது, மேல்தொட்டியும் குழாயும் வந்தபிறகு பல்லி குடியிருந்த தொட்டி. உள்ளளவு 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரம். அடியில் வெடிப்பு. ஒன்றுக்கு மூன்று என்று சீமெந்தும் மணலும் குழைத்து உள்பக்கம் முழுக்கப் பூசி, ஈரச்சாக்குப் போட்டு ஒரு கிழமை நனைத்து வைத்தேன். புதுப்பூச்சிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீரின் பி.எச் (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) எங்கேயோ ஏறிவிடும். அதை அடக்க வாழைத்தண்டுதான் எங்கள் பக்கத்து வழி. வெட்டிய வாழைக்குற்றியைத் துண்டு துண்டாக்கித் தொட்டி நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, அழுகி நாறும்வரை பார்த்திருந்து, தண்ணீரை இறைத்துவிட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவி, மறுபடியும் அதையே செய்யவேண்டும். அழுகும்போது வரும் அமிலமும் காபனீரொட்சைட்டும் சுண்ணாம்பை அடக்குகின்றன.

போதுமா என்று பார்க்கக் கடையில் பி.எச் சொட்டுமருந்து வாங்கலாம். குசினியில் இருப்பதும் உதவும். வெள்ளைத் துணித்துண்டில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். மஞ்சள் குங்குமப் பக்கம் சாய்ந்தால் சுண்ணாம்பு இன்னும் இறங்குகிறது. நிறம் மாறாவிட்டால் ஓரளவு நம்பலாம். பி.எச் ஏறக்குறைய எட்டரையைத் தாண்டினால்தான் மஞ்சள் நன்றாகச் சிவக்கும். அதனால் இது நுணுக்கமான அளவு இல்லை, ஆபத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமே.

அந்தப் பி.எச் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் மீன் கழிக்கும் அமோனியாவால்தான். கணக்கைப் பாருங்கள். தண்ணீர் 2 அடி உயரம் விட்டால் 48 கன அடி, அதாவது ஏறக்குறைய 1350 லீற்றர். 20 லீற்றருக்கு ஒரு மீன் என்று வைத்து அறுபது குஞ்சு விட்டேன். ஒவ்வொன்றும் 20 கிராம் என்றால் மொத்தம் 1200 கிராம். உடல் நிறையில் நூற்றுக்கு மூன்று என்று தீன் போட்டால் நாளுக்கு 36 கிராம். புரதம் முப்பது வீதத்துக்கு மேலுள்ள மீன்தீன் ஒரு கிலோ போட்டால், ஏறக்குறைய 30 கிராம் அமோனியாவாகத் தண்ணீரில் சேரும் என்பது மீன்வளர்ப்பில் பொதுவாகப் பிடிக்கும் கணக்கு. ஆக, என் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் கிட்ட. லீற்றருக்கு 0.8 மில்லிகிராம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒரு கிழமையில் ஐந்தைத் தாண்டும்.

இந்த அமோனியா எல்லாமே நஞ்சு இல்லை. 30 பாகை வெப்பத்தில் பி.எச் 7 என்றால் அதில் நூற்றுக்கு ஒரு பங்கும் நஞ்சு வடிவில் இராது. பி.எச் 8 ஆனால் ஏழு எட்டுப் பங்கு. 9 ஆனால் நாற்பதுக்கு மேல். அதே தீன், அதே மீன், அதே தண்ணீர். சுண்ணாம்பு இறங்கும் தொட்டியில் நஞ்சு ஐம்பது மடங்கு. வெயில் படும் தொட்டியில் தண்ணீர் பச்சை பிடித்தாலும் இதே கதைதான். பாசி பகலில் காபனீரொட்சைட்டை எடுத்துவிடுவதால் பின்னேரத்தில் பி.எச் ஏறி நிற்கும். எங்கள் கோடை வெயிலில் திறந்த தொட்டி சில நாளில் பச்சையாகிவிடும். அதனால் மேலே கிடுகு போட்டு மூன்றில் இரண்டு பங்கை மறைத்துவிட்டேன். சுங்கானுக்கும் இருட்டுத்தான் பிடிக்கும். 3 அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளை அடியில் போட்டிருக்கிறேன், பகலெல்லாம் அதற்குள்தான் படுக்கை.

வடிகட்டிக்கு 200 லீற்றர் நீலப் பரல் ஒன்று. தொட்டிக்குப் பக்கத்தில் கல் அடுக்கி, பரலின் வாய் தொட்டி விளிம்புக்கு மேலே நிற்கும்படி உயர்த்தி வைத்தேன். தொட்டிக்குள் கிடக்கும் சின்ன நீர்மூழ்கி மோட்டார் தண்ணீரை எடுத்துப் பரலின் அடியில் விடும். அடியில் மூன்றில் ஒரு பங்கு முக்கால் அங்குலச் சல்லி, அதில் ஊத்தை தங்கும். அதற்குமேல் பழைய நைலோன் வலை. முல்லைத்தீவுப் பக்கம் கரைவலைக்காரர் கழித்துவிடும் வலைத்துண்டுகளைச் சாக்கில் கட்டி வாங்கி வந்து, உப்பும் மணலும் போகக் கழுவி, கையால் அடக்கி அடக்கிப் பரலை நிரப்பினேன். கடையில் வடிகட்டிக்கென்று விற்கும் பிளாஸ்ரிக் சில்லுகள் இதைவிட ஒன்றும் பெரிதாகச் செய்துவிடா. அமோனியாவை மாற்றும் பற்றீரியாவுக்கு ஒட்டிக்கொள்ள இடம்தான் வேண்டும். வலை நூலில் அது தாராளம். தண்ணீர் கீழிருந்து மேலே ஊறி வந்து, வாய்க்குக் கீழே பொருத்திய 2 அங்குலக் குழாயால் தொட்டிக்குள் கொட்டும். பரலின் அடியில் ஒரு பைப், ஊத்தையைத் திறந்துவிட.

இது பூட்டிய அன்றே வேலை செய்யாது. அமோனியாவை நைத்திரைற்றாக்கும் பற்றீரியாவும், அதை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாவும் வலையில் ஊற எங்கள் வெப்பத்திலேயே மூன்று நாலு கிழமை எடுக்கும். தெரிந்தவர் தொட்டியிலிருந்து ஒரு பிடி வலையோ சல்லியோ கொண்டுவந்து போட்டால் சீக்கிரம் ஊறும். அந்த இடைக்காலத்தில் பாதித் தீன், ஒன்றுவிட்ட ஒரு நாள் கால்வாசித் தண்ணீர் மாற்று. நைத்திரைற்று ஏறும் கட்டம் இரண்டாம் மூன்றாம் கிழமையில் வரும். அது இரத்தத்தில் கலந்து ஒட்சிசன் ஏற்றுவதைக் கெடுக்கும், செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புப் போய்க் கபிலநிறம் தெரியும். அதற்கு மலிவான காவல் உப்பு. 1000 லீற்றருக்குக் கால் கிலோ ஆனையிறவுக் கட்டியுப்பைக் கரைத்துவிட்டால், உப்பின் குளோரைட்டு நைத்திரைற்றைச் செவுளால் உள்ளே போகவிடாமல் மறிக்கும்.

கரண்ட் நெடுநேரம் நின்றால் ஒரு கவனம். தொட்டியில் மீன் தப்பும், பரலுக்குள் பற்றீரியா தப்பாது. ஓடாத தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்து, வலையின் உள்பக்கம் கூழ்முட்டை மணம் பிடிக்கும். கரண்ட் வந்ததும் மோட்டரைப் போட்டால் அந்த நஞ்சுத் தண்ணீர் முழுவதும் நேரே மீன்மேல். முதலில் அடிப் பைப்பைத் திறந்து பரலை வெறுமையாக்கிவிட்டுத்தான் மோட்டர் போடவேண்டும். பக்கத்து வாழைக்கு அந்தத் தண்ணீர் தேன்.

மீன் எங்கே எடுப்பது? நக்டா (அரசின் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபை) குளங்களுக்கு விடுவது திலாப்பியாவும் கெண்டை வகைகளும். சுங்கானுக்குக் குளம்தான் கதி. ஆவணி புரட்டாதியில் சின்னக் குளங்கள் வற்றி நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சும். கரப்புக் குத்துகிறவர்கள் அப்போது சேற்றுக்குள் நிற்பார்கள். விரால் சந்தைக்குப் போகும். பெருவிரல் மொத்தத்துக்கும் குறைந்த சுங்கானைக் கேட்டால் சிரித்துக்கொண்டு தருவார்கள். நான் இரண்டு கலன் நிறையத் தண்ணீரோடு போனபோது கரப்போடு நின்ற ஐயா ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, உவ்வளவு தண்ணி என்னத்துக்கு? உது காத்துக் குடிக்கிற சாதி. மூடியை இறுக்கினியெண்டால் வீடு போய்ச் சேராது.”

அவர் சொன்னதன் உள்விளக்கம் இது. சுங்கானுக்குச் செவுளுக்குப் பின்னால் இரண்டு நீண்ட காற்றுப்பைகள் முதுகுத் தசைக்குள் ஓடுகின்றன. மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்து அந்தப் பைகளுக்குள் அனுப்பும். கலனை நிரப்பி மூடினால் அதற்கு மேலே வர இடமில்லை. அகல வாளியில் அரையடித் தண்ணீர், மேலே ஈரச்சாறம் ஒன்றைக் கட்டினால் கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரைக்கும் கொண்டு போகலாம். தொட்டியிலும் அப்படியே: தண்ணீருக்கும் மேல்வலைக்கும் இடையில் ஓர் அடி விட்டிருக்கிறேன்.

காட்டு மீன் காயத்தோடும் ஒட்டுண்ணியோடும் வரும். வேறொரு பேசினில் லீற்றருக்கு 3 கிராம் உப்புப் போட்டுச் சில நாள் வைத்துத்தான் தொட்டிக்கு மாற்றினேன். கொண்டீஸ் (பொட்டாசியம் பரமங்கனேற்று) போடுகிறவர்கள் உண்டு. சுங்கானுக்குச் செதில் இல்லை, மருந்து நேரே தோலில் பிடிக்கும். போடுவதென்றால் 1000 லீற்றருக்கு 2 கிராம் என்று நிறுத்துப் போடவேண்டும், நிறத்தைப் பார்த்து அள்ளிப் போடக்கூடாது. அளவு பிரிப்பதும் இந்தக் கட்டத்திலேயே. பெரிதும் சிறிதும் ஒன்றாகக் கிடந்தால் இரவில் சிறிது காணாமல் போகும்.

இனி, மீன் சொல்லாததை எப்படி அறிவது என்ற விஷயம். சுங்கானுக்கு நல்ல தண்ணீரிலும் மூச்செடுக்க மேலே வரும் பழக்கம் உண்டு. மெல்ல எழும்பி, மூக்கு நுனி மட்டும் தண்ணீரைத் தொட்டு, “க்ளக்” என்று ஒரு சின்னச் சத்தம். திரும்பிக் கீழே போகையில் செவுளோரம் இரண்டு மூன்று குமிழி. தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தாலும், செவுள் அமோனியாவில் அரிபட்டாலும், நைத்திரைற்றால் இரத்தம் கெட்டாலும் அது காற்றை நம்ப வேண்டிவரும். அடிக்கடி மேலே வரும். ஆகவே பின்னேரம், தீன் போட முன்னம், ஒரே நேரத்தில், தொட்டிக்கரையில் அசையாமல் இருந்து ஐந்து நிமிடத்துக்கு எத்தனை “க்ளக்” என்று எண்ணுகிறேன். என் அறுபது மீனுக்கும் தண்ணீர் நல்லாக இருக்கும் நாளில் பத்துப் பன்னிரண்டு வரும். முப்பதைத் தாண்டினால் அன்று தீன் இல்லை, கால்வாசித் தண்ணீர் மாற்று. சித்திரை வெக்கையில் எண்ணிக்கை தானாகவே கொஞ்சம் கூடும், தீன் எடுத்த கையோடும் கூடும். அதனால்தான் நேரம் மாற்றக்கூடாது. உங்கள் தொட்டிக்கு எண்ணிக்கை வேறாக இருக்கும். முதல் சில கிழமை எழுதிவைத்தால் உங்களுக்கென்று ஓர் அளவு கிடைக்கும். கலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

இரண்டாவது சாட்சி தீன்சட்டி. மிதக்கும் தீனைப் பகலில் வீசினால் சுங்கான் ஏறெடுத்தும் பார்க்காது. பொழுதுபட்ட பிறகு, அகன்ற மண்சட்டி ஒன்றை நாலு பக்கமும் கயிறு கட்டி அடியில் இறக்கி, அதற்குள் போடுகிறேன். காலையில் தூக்கினால் சட்டி சொல்லிவிடும். துப்புரவாக இருந்தால் நேற்றைய அளவு சரி. மிச்சம் இருந்தால் அதைக் கோழிக்குப் போட்டுவிட்டு அன்று பாதி. கடைத்தீன் விலை ஏறிய பிறகு பாதிக்குப் பாதி வீட்டுத்தீன்: சந்தையில் கழித்த மீன்தலையும் குடலும் அவித்து, முள் எடுத்து மசித்து, தவிடும் எள்ளுப் புண்ணாக்கும் சேர்த்து இறுக்கமான உருண்டை. புண்ணாக்குக் கூடினால் உருண்டை சட்டியிலேயே கரைந்து தண்ணீரைக் கலக்கும். கறையான் புற்றுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. ஒரு கட்டி உடைத்துப் போட்ட இரவு தொட்டிக்குள் நடக்கும் அமளி தனி.

மாரி தொடங்கியதும் வேறு விதமான வேலை. ஐப்பசியின் முதல் பெருமழைக்குச் சுங்கானுக்கு உள்ளிருந்து ஏதோ அழைப்பு வரும். வயலுக்கு வெள்ளம் ஏறும்போது புதுத்தண்ணீரை எதிர்த்துப் போய் முட்டையிடும் மீன் அது. தொட்டிக்குள்ளும் தண்ணீர் கொட்டும் மூலையில் எல்லாம் திரண்டு, சுவரில் உடம்பை ஒட்டி ஏறப் பார்க்கும். மேல்வலையை மரச்சட்டத்தில் அடித்து நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறேன். வழிகுழாயின் வாய்க்கும் கம்பிவலை வேண்டும். பென்சில் மொத்தத்தில் ஒரு ஓட்டை கிடைத்தாலும் குஞ்சு அதைக் கண்டுபிடிக்கும். நிலத்தில் கிடங்கு வெட்டித் தறப்பாள் விரித்து வளர்க்கிறவர்கள் இன்னும் யோசிக்கவேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது எந்தக் கிடங்கின் மீன் எந்த வயலுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது.

மழைக்குப் பிறகு இன்னொரு கண்ணி: கிணறு. வெள்ளம் புகுந்த கிணறுகளுக்குக் குளோரீன் போடுவது வழக்கம், போடத்தான் வேண்டும். போட்ட கையோடு அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு இறைத்தால் மீனின் செவுளும் பரலின் பற்றீரியாவும் சேர்ந்து போகும். பக்கத்து வளவு மாமி வேலிக்கு அப்பாலிருந்து, “தம்பி, கிணத்துக்கு மருந்து போட்டுட்டுப் போறாங்கள், மீனுக்கு விடாதை” என்று கூப்பிட்டுச் சொன்னதால் மோட்டரை நிறுத்தினேன். அகலப் பாத்திரத்தில் இறைத்து இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்து, மணம் போனபிறகு விடலாம். அந்த நாட்களுக்கு மழைத்தண்ணீரே போதும்.

டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் தொட்டியைக் கண்டதும் நெற்றியைச் சுருக்குவார்கள், அது நியாயம். சுங்கான் இரவில் நுளம்புப் புழுவைத் தின்னும், ஆனால் பகலில் குழாய்க்குள் தூங்கும். ஒரு பேணி கப்பி மீன் விட்டேன். சுங்கான் அவற்றையும் பிடிக்கும்; அவை பிடிபடுவதைவிட வேகமாகப் பெருகும்.

முள் பற்றி. செவுளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள செட்டை இரண்டிலும் இருக்கும் முள்ளில் நஞ்சு இருக்கிறது. குத்தினால் தேள் கொட்டியது மாதிரிக் கடுப்பு முழங்கைவரை ஏறும். அத்தாங்கு வலையில் முள் மாட்டிக்கொள்ளும், அதைக் கையால் எடுக்கப் போகும்போதுதான் பெரும்பாலும் குத்துவது. வலையை விட்டுவிட்டு ஓட்டை போட்ட வாளியால் அள்ளுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில், 45 பாகை அளவில், கையை அரை மணித்தியாலமாவது வைத்திருக்கவேண்டும், கடுப்பு இறங்கும். சூட்டைக் குத்துப்பட்ட கையால் பார்க்கவேண்டாம், அது மரத்திருக்கும், வெந்தும் தெரியாது. மற்றக் கையால் பாருங்கள். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ ஆசுபத்திரிதான். ஏற்புத் தடுப்பூசியும் அங்கே போடுவார்கள்.

ஆபிரிக்கச் சுங்கான் குஞ்சு இருக்கிறது, நாலு மாதத்தில் கிலோ வரும் என்று யாராவது ஆசை காட்டினால் வாங்காதீர்கள். இந்தியாவில் அதை வளர்க்கத் தடை. ஒரு மழைக்குத் தப்பி வாய்க்காலில் இறங்கினால் இரணைமடுவில் உள்ளதையெல்லாம் தின்று தீர்க்கும். கண்ணாடித் தொட்டிக்காக வந்த “டேங்க் கிளீனர்” மீன் தெற்குக் குளங்களில் வலைகளைக் கிழித்துக்கொண்டு கிடப்பது போதும். சுங்கான் மெல்லத்தான் வளரும். ஆறேழு மாதத்தில் 50 கிராம் தாண்டினால் நல்ல வளர்ப்பு.

பிடிக்க முதல்நாள் தீனை நிறுத்தி, பேசினில் சுத்தத் தண்ணீரில் விட்டால் சேற்று மணம் குறையும். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் எழும்பினவருக்கும் சுங்கான் குழம்பு கொடுத்தால் இரத்தம் ஊறும் என்பார்கள். எங்கள் வீட்டில் முதல் பிடி அப்படித்தான் போனது. வழுவழுப்புப் போக அடுப்புச் சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்து, பழப்புளி விட்டு வைக்கலாம். சாம்பல் போடமுன்னம் கத்தரிக்கோலால் இரண்டு முள்ளையும் தறித்துவிடுங்கள். செத்த சுங்கானின் முள்ளும் குத்தும்.